அசதியும் சோம்பலும்



தலையான பாவங்கள் ஏழு என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருப்பீர்கள். கடைசியாகச் சொல்லப்படுவது சோம்பல். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்களில் பலர், முக்கியமாய்ப் பெண்கள், அந்தக் கடைசிப் பாவத்தைத் தம்மேல் தாமே சுமத்திக்கொள்ளுகிறார்கள். இவர்கள் சிலரல்ல. சென்னை முதலிய 8 நகரங்களில் நடத்தி 2013-ல் வெளிவந்த ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு இக்குறை காணப்பட்டது.

குள்ளஞ்சாவடியில் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். புருஷன் நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்டு முடித்து விடியலில் திரும்புகிறார். பிள்ளைகளுக்குச் சோறு கட்டவேண்டும். இவளுக்கோ படுக்கையை விட்டு எழ உடம்பு வரவில்லை. “மாத்திரைதான் போடுகிறாளே, இன்னும் என்ன அசதி?” என்கிறாள் மாமியார். அதைவிடக் கொடியது, அவளே தன் நெஞ்சுக்குள் அதைக் கேட்டுக்கொள்வது.

அவள் குற்றவாளியா? அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் சோம்பலை உடம்பின் களைப்பென்று சொல்லவில்லை. ஞான நன்மையைக் குறித்து மனம் சலித்துத் துயரப்படுவதையே அப்படி அழைத்தார். துயரத்துக்குப் பரிகாரமாக உறக்கத்தையும் குளியலையும் எழுதிவைத்தவரும் அவரே! சோம்பேறிக்கு மனமில்லை. இவளுக்கு மனமுண்டு, சரீரம் ஒத்துழைக்கவில்லை.

கழுத்தின் முன்புறமுள்ள அச்சிறு சுரப்பி குறைவாய்ச் சுரந்தால், தணலில் சாம்பல் மூடினாற்போல் உடம்பு முழுவதும் மந்தமாகும். 1914-ம் வருடம் கிறிஸ்துமஸ் நாளில், கெண்டல் என்ற அமெரிக்க இரசாயன அறிஞர் தைராக்சினைப் பிரித்தெடுத்தார். இன்று மாத்திரையில் இருப்பது அதுவே. ஆனால் தலைவலி மாத்திரைபோல் உடனே வேலை செய்யாது. அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே இரத்தம் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காப்பிக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முந்திச் சாப்பிடவேண்டும். நம் வீடுகளில் காப்பியல்லவா முந்திக்கொள்ளுகிறது! இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேரம் இடைவெளி வேண்டும்.

பரிசோதனைச் சீட்டு சரியென்று சொன்ன பின்னும் சிலருக்கு அசதி தீருவதில்லை. இரத்தசோகை, பி12 குறைவு, உறக்கக் கோளாறு, மனச்சோர்வு இவற்றுள் ஏதேனும் உண்டோ என்று வைத்தியரிடம் கேட்பதில் வெட்கமென்ன? தாமாகவே மாத்திரையைக் கூட்டுவது மட்டும் ஆகாது. நெஞ்சு படபடக்கும், நாளடைவில் எலும்பும் பலவீனப்படும்.

ஒன்றை மறைக்கலாகாது. ஒளிந்துகொள்ள நோய் நல்ல திரை. தெம்புள்ள வேளையில் முடிந்ததைச் செய்தோமா என்பது அவரவர் மனச்சாட்சிக்கே தெரியும். ஆனால் நான் அதிகம் காண்பது இதற்கு நேர்மாறு: மூன்று வேலையில் ஒன்றைப் பிறரிடம் விடச் சம்மதியாமல், மூன்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு விழுகிறவர்கள். அங்கே எட்டிப்பார்ப்பது சோம்பலல்ல, ஏழில் முதலாவதான ஆங்காரம்.

இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கும்போது வீடு கதவைச் சாத்துகிறது, பிள்ளைகளை அதட்டுகிறது. அது நியாயமே. அந்தத் தாய் பகலில் ஒருமணி நேரம் படுத்தால், வாசகரே, உங்கள் வீட்டில் யார் கதவைச் சாத்துகிறார்கள்?