விரதம் இருந்தது நானா, என் வீம்பா?

ஓம் சரவணபவ! 

ஐப்பசி அமாவாசை முடிந்து கந்த சஷ்டி நெருங்கினாலே நம்ம குரூப்பில் ஒரே பேச்சுதான். ஒருத்தர் இளநீர் மட்டும் என்பார், இன்னொருத்தர் மிளகு விரதம் என்பார், பால் பழம் என்று சொல்பவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்வார். நானும் அந்தப் பேச்சில் பெருமையாகக் கலந்துகொண்டவன்தான். சென்ற வருஷத்துக்கு முந்தின வருஷம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யாருக்காவது உதவட்டும்.

எனக்குச் சர்க்கரை நோய் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. மகளுக்கு நல்ல வரன் அமைய வேண்டும் என்று ஆறு நாளும் வெறும் தண்ணீர் விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டேன். "ஏங்க, டாக்டரைக் கேட்டீங்களா?" என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். "கேட்டாச்சு, சரின்னு சொல்லிட்டாங்க" என்றேன். கேட்கவே இல்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்று தெரியும். ஆக, என் விரதமே ஒரு பொய்யில்தான் ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் காலையில் வழக்கம்போல சர்க்கரை மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது குப்பென்று வியர்த்தது. கை நடுங்கியது. முருகன் அருள்தான் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன், சிரிக்காதீர்கள்! பிறகு கண் இருட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பின்னால் நின்ற ஒரு வயசான அம்மா, "தம்பி, சுகர் இருக்கா?" என்று கேட்டு, பையிலிருந்த பஞ்சாமிர்தத்தை எடுத்து நீட்டினார். நான் தலையை ஆட்டினேன், விரதமாம்! "முருகன் கோவிச்சுக்க மாட்டான், முழுங்குய்யா" என்று அதட்டினார். முழுங்கினேன். அப்புறம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் சர்க்கரை அளவு 62தான். 70-க்குக் கீழே போனாலே ஆபத்து.

டாக்டரம்மா திட்டவில்லை. விளக்கினார். சில மாத்திரைகள் நாம் சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காதாம், கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது இரத்தத்தில் இருக்கிற கொஞ்சநஞ்ச சர்க்கரையும் இறங்கிவிடும். மூளைக்கு அதுதானே எரிபொருள்! அதனால்தான் கண் இருட்டியது.

ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. கட்டில் பக்கத்தில் நின்ற என் மகள் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "நான் கேட்டேனாப்பா?"

அன்றிலிருந்து இந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. இந்த உடம்பு யாருடையது? என் இஷ்டத்துக்கு வேண்டுதலில் பணயம் வைக்க இது எனக்கு மட்டும் சொந்தமா?

"உடம்பை வருத்தாமல் பக்தி ஏது? காவடி எடுக்கிறவர்கள், பாதயாத்திரை போகிறவர்கள் எல்லாம் வருத்திக்கொள்ளவில்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கஷ்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலில் கொப்புளத்தோடு பழனிக்கு நடப்பவரின் வலி அவருடையது, அதை அவர் முருகனுக்குக் கொடுக்கலாம். நான் கொடுத்தது என் வலியை அல்ல. வீட்டில் இருக்கிறவர்களின் நிம்மதியை எடுத்து, அவர்களைக் கேட்காமலே காணிக்கை போட்டேன். அடுத்தவர் பணத்தை உண்டியலில் போட்டால் புண்ணியமா?

அருணகிரிநாதர் கதை நமக்கெல்லாம் தெரியும். உடம்பைக் கெடுத்துக்கொண்டு, நோயில் வெறுத்துப்போய், திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து குதித்தார் என்பார்கள். முருகன் என்ன செய்தான்? முதலில் அந்த உடம்பைத் தாங்கிப் பிடித்தான். பாட்டு அதற்குப் பிறகுதான் வந்தது! அவன் தாங்கிப் பிடித்ததை நாம் கீழே போடலாமா? திருமூலரும் உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், உள்ளே இறைவன் இருப்பதைக் கண்டபின் பேணத் தொடங்கியதாகவும் திருமந்திரத்தில் சொல்கிறார். திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் சாப்பாட்டு அளவைப் பற்றித்தான் பேசுகிறது.

இன்னொரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன். ஆறு நாள் பட்டினி கிடக்கத் துணிந்த நான், மீதி நாளெல்லாம் எப்படி இருந்தேன்? ராத்திரி பத்தரைக்குப் பரோட்டா. ஒரு மணி வரை கையில் போன். தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி. தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இன்சுலினும் சரியாக வேலை செய்யாது என்று டாக்டரம்மா சொன்னார். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். வாரத்துக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நடக்கும்போது தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

சென்ற சஷ்டிக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போனேன். மாத்திரையை மாற்றி, மூன்று வேளையும் கொஞ்சமாவது சாப்பிடச் சொன்னார். அப்படியே செய்தேன். அதற்குப் பதில் பரோட்டாவை விட்டேன், பத்து மணிக்குப் போனை அணைத்தேன், தினமும் அரை மணி நேரம் நடந்தேன். சஷ்டி முடிந்தும் இதை நிறுத்தவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீர் விரதத்தைவிட இதுதான் கஷ்டம். ஏனென்றால் இதை யாரும் பார்த்து "ஆகா, என்ன பக்தி!" என்று சொல்வதில்லை. உபவாசம் என்றால் 'அருகில் இருத்தல்' என்று பொருள். பட்டினி கிடந்தபோது என் பெருமைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன். இப்போது விடியற்காலையில் நடக்கும்போது அவன் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

சர்க்கரை, பிரஷர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் தயவுசெய்து டாக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு விரதத்தில் வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் உடனே இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அது விரதபங்கம் இல்லை. மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அந்தப் பஞ்சாமிர்தம் கொடுத்த அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. யார் கையில் கொடுத்தனுப்பினான் என்று எனக்குத் தெரியும்.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!