இயல்பு என்ற சாக்கு

என்னிடம் ஒரு பழைய புல்லட் இருக்கிறது. 350, வார்ப்பிரும்பு என்ஜின், வலது காலில் கியர். சில மாதங்களுக்கு முன் அது என்னைப் பொய்யன் என்று காட்டிக்கொடுத்தது. பொய்யன் என்பதுகூடச் சரியில்லை. பொய்யனுக்காவது உண்மை தெரிந்திருக்கும்.

தெருவில் ஒரு இளைஞர் அவ்வப்போது வண்டியை இரவல் வாங்கிப் போவார். ஒருநாள் சாவியைத் திருப்பித் தரும்போது, "வண்டி ஒரு மாதிரி உதறுது சார்" என்றார். "புல்லட்னா அப்படித்தாம்பா" என்றேன். விஷயம் தெரிந்தவனின் திமிர் அந்தப் பதிலில் இருந்தது. சங்கடம் என்னவென்றால், பதில் தப்பும் இல்லை.

ஒற்றை சிலிண்டர் என்ஜின் உதறாமல் இருக்க முடியாது. 90 மில்லிமீட்டர் மேலேறும் பிஸ்டன் உச்சியில் நின்று திரும்புகிறது, அடியிலும் அப்படியே. ஒவ்வொரு திரும்பலுக்கும் சட்டம் ஓர் உதை வாங்குகிறது. இதற்கு ஈடாக ஃப்ளைவீலில் எதிர்ப்பக்கம் எடை வைக்கிறார்கள். பிஸ்டனுக்கு முழு ஈடாக வைத்தால் மேலும் கீழுமான உதறல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் சுழலும் அந்த எடை முன்னும் பின்னும் வரும்போது அதை எதிர்க்க அங்கே ஒன்றுமில்லை. அதே உதறல் திசை மாறிக் கிளம்பும். ஆகவே ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் ஈடுகட்டி, மிச்சத்தை இரண்டு திசைகளுக்கும் பங்கு போட்டுவிடுகிறார்கள். குற்றம் நீங்குவதில்லை, பாகப்பிரிவினை ஆகிறது. (2020இல் தொடங்கி வந்த புதிய 350 என்ஜின்களில் எதிர்த்திசையில் சுழலும் தனித் தண்டு ஒன்று இந்த வேலையைப் பார்க்கிறது. என்னுடையதில் அது கிடையாது.)

இவ்வளவும் தெரிந்திருந்ததுதான் வினை. அடுத்த வாரம் அதே இளைஞர் தன் தாயாரைப் பின்னால் உட்காரவைத்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கேட்டார். சாவியைக் கொடுத்தேன்.

பிறகு ஆயில் மாற்றப் போன இடத்தில், பேச்சுவாக்கில், கொஞ்சம் உதறுவதாகச் சொல்கிறார்கள் என்றேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "எப்ப உதறுது?" என்று கேட்டார். எந்த வேகத்தில்? இழுக்கும்போதா, ஆக்ஸிலேட்டரை விட்டதுமா? ஓட்டத்தில் கிளட்ச்சைப் பிடித்தால் அடங்குகிறதா? அடங்காமல் சக்கரத்தின் வேகத்தோடு போனால் சக்கரத்தில், டயரில் தேட வேண்டும். நிறுத்தி வைத்து முறுக்கும்போதும் வந்தால் என்ஜின் பக்கம். பன்னிரண்டு வருஷம் ஓட்டியவனிடம் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. 'உதறும்' என்பது மட்டும்தான் தெரியும். அது அறிவு இல்லை, பழக்கம்.

அவர் என்ஜினை ஓடவிட்டு, இரண்டு விரலை என்ஜின் மேலும் இரண்டு விரலைச் சட்டத்தின் மேலும் வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். இரண்டும் ஒன்றாக நடுங்கவில்லை. ஒன்று மற்றதன் மேல் தேய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கத்து மவுண்டிங் போல்ட்டின் நட்டைச் சுற்றிக் குங்குமம் போல நுண்ணிய துருப்பொடி. துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. இந்த வண்டியில் என்ஜினே சட்டத்தின் ஒரு பகுதி. போல்ட் அறுந்தால் செயின் கோணி, பின்சக்கரத்தையே பிடித்துவிடலாம். "எத்தனை நாளா சார்?" என்றார். அந்தப் பொடி ஒரு நாளில் சேர்வதில்லை.

எத்தனை நாளாக என்பதை யோசித்துப் பார்க்கிறேன். முதல் நாள் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைப் போலவே இருந்தது. இதில் இன்னொரு கோணல்: அளக்கும் கருவி என் கைதான், அளக்கப்படும் உதறலோ அந்தக் கையையே மரக்கச் செய்கிறது. உதறல் கூடக்கூட உணர்ச்சி குறைகிறது. இலக்கியத்தில் இருபது வருஷமாக ஒருவரையே படித்துக்கொண்டிருக்கும் நம் விமர்சகர்கள், அவருடைய தளர்ச்சியை 'அவர் நடை அப்படி' என்று சொல்வதும் இந்த மரத்த கையால்தான் என்று படுகிறது.

ஆனால் ஒவ்வொரு நடுக்கத்தையும் சந்தேகிப்பவன் வண்டி ஓட்ட முடியாது. அவன் தேவையில்லாமல் கிராங்கைப் பிரித்து, நன்றாக இருந்ததைக் கெடுப்பான். எனவே பழகிப்போனதற்காக என்னைக் குற்றம் சொல்லிக்கொள்ள நான் தயாரில்லை. அது உடம்பின் காரியம். என் தவறு வேறிடத்தில் இருக்கிறது. மரக்காத கை ஒன்று வந்து சாட்சி சொன்னது. அந்தச் சாட்சியை நான் ஒரு பொது உண்மையைக் கொண்டு அடித்தேன். பொய்யைக் கொண்டு அடித்திருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருக்கக்கூடும். உண்மை என்பதால் வாயை மூடிக்கொண்டு, தாயாரை ஏற்றிக்கொண்டு போனார். ஒன்றும் நேரவில்லை என்பது என் கணக்கில் சேராது.

துளையைச் சரிசெய்து புது போல்ட் போட்டாயிற்று. வண்டி இன்னும் உதறுகிறது, உதற வேண்டிய அளவுக்கு என்று நினைக்கிறேன். அந்த இளைஞரிடம் நடந்ததைச் சொன்னேன். "பரவால்ல சார்" என்றார். ஒரு தடவை ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று சாவியை நீட்டினேன். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.