நன்றி கெட்டவள்

சின்ன வயதிலேயே கோப்பை வாங்கும் பெண்ணை ஊர் "கொடுத்து வைத்தவள்" என்று சொல்லும். அதே பெண் வளர்ந்து "இது நியாயமில்லை" என்று வாய் திறந்தால், "நன்றி கெட்டவள்" ஆகிவிடுவாள். முதல் பட்டத்தைக் கொடுக்கும்போதே இரண்டாவதற்கான கணக்கு தொடங்கிவிடுகிறது.

அந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை. மயிலாப்பூரில் நடன வகுப்புக்கும் அடையாறில் டென்னிஸ் பயிற்சிக்கும் விடிவதற்குள் மகளை ஸ்கூட்டியில் கூட்டிப்போகும் அம்மாவின் தூக்கம் உண்மையானது. அப்பா கட்டிய பயிற்சிக் கட்டணமும் உண்மையானது. விளையாட்டில் எந்தப் பெண்ணும் தனியாக முளைப்பதில்லை. ஆனால், தன்னை வளர்த்தவர்களுக்கு ஒரு பெண் பட்டிருக்கும் கடன், அவர்கள் கொடுப்பதை வாயை மூடி வாங்கிக்கொள்ளும் கடமையாக எப்போது மாறியது?

சென்னையின் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பல்லிகல் 1991-ல் பிறந்தவர். அம்மா சூசன் இட்டிசேரியா, 1976-ல் டெஸ்ட் ஆடிய இந்தியப் பெண்கள் கிரிக்கெட் அணியில் இருந்தவர். 2011-ல் தேசிய சாம்பியனான தீபிகா, 2012 டிசம்பரில் உலகத் தரவரிசையின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தார். இந்தியப் பெண் ஒருவர் அங்கே போனது அதுவே முதல் முறை. ஆனால் அந்த ஆண்டுகளில் தேசிய சாம்பியன்ஷிப்பில் அவர் ஆடவில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பரிசுத்தொகை தரும்வரை ஆடமாட்டேன் என்றார். 2015-ல் வெல்லும் ஆணுக்கு 1,20,000 ரூபாய், பெண்ணுக்கு 50,000 ரூபாய்.

டென்னிஸில் இதற்கு ஒரு சாக்கு இருந்தது. பெரிய போட்டிகளில் ஆண்கள் ஐந்து செட் வரை ஆடுகிறார்கள், பெண்கள் மூன்றுதானே என்பார்கள். அந்தச் சாக்கையும் மீறி அமெரிக்க ஓபன் 1973-லும் விம்பிள்டன் 2007-லும் பரிசைச் சமமாக்கின. ஸ்குவாஷில் அந்தச் சாக்கும் கிடையாது. அதே அளவு அறை, அதே பந்து, 11 புள்ளிகள் கொண்ட அதே ஐந்து ஆட்டங்கள். வேறுபாடு காசோலையில் மட்டும்தான்.

இப்படி மறுத்த இன்னொரு இளம்பெண் பிரான்சின் சூர்யா போனாலி. பனித்தரையில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 17 வயதிலேயே ஐரோப்பிய சாம்பியன் ஆன கறுப்பினப் பெண். 1994-ல் ஜப்பானின் சிபா நகரில் நடந்த உலகப் போட்டியில் ஐந்து நடுவர்கள் யுகா சாடோவையும் நான்கு பேர் இவரையும் முதலிடத்தில் வைத்தார்கள். போனாலி முதலில் மேடை ஏற மறுத்தார். பிறகு கழுத்தில் விழுந்த வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிவிட்டார். அப்போது வயது 20. அரங்கம் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டது. நடுவர்கள் மதிப்பெண் போடும் விளையாட்டில், தீர்ப்பில் பாரபட்சம் இருந்ததா என்று இன்றுவரை வாதிடலாம். ஸ்குவாஷில் புள்ளிகளே பேசுகின்றன, வாதிட இடமில்லை. ஆனாலும் கேட்கிற பெண்ணுக்கு இரண்டு இடத்திலும் ஒரே பெயர்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும்: மறுப்பதற்கும் வசதி வேண்டாமா? தீபிகாவுக்கு உலகப் போட்டிகள் இருந்தன. ஒரே ஒரு தேசியப் போட்டியை நம்பி, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தேடும் பெண் எப்படி மறுப்பாள்? அவளால் முடியாது. அவளிடம் அதை எதிர்பார்ப்பது கொடுமை. அதனாலேயே முடிந்தவர்களுக்குப் பொறுப்பு கூடுகிறது. மறுத்தால் சோறு போகாது என்ற நிலையில் இருப்பவள் மறுக்கும்போது, மறுக்க முடியாதவளுக்கும் சேர்த்தே கேட்கிறாள்.

ஆடியவர்களைக் குறை சொல்லவும் இதில் இடமில்லை. அதே சென்னையின் ஜோஷ்னா சின்னப்பா, 2000-ல் 14 வயதில் தேசியப் பட்டம் வென்றவர். தீபிகா விலகி நின்ற ஆண்டுகளிலும் அவர் ஆடினார். அவரைப் போன்றவர்கள் ஆடியதால்தான் பெண்கள் பிரிவு வெறிச்சோடவில்லை. 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஆடியவரும் மறுத்தவரும் ஜோடியாக இறங்கித் தங்கம் வென்றார்கள். இரண்டு பெண்கள் இரண்டு வழியில் போனால் உடனே சண்டை என்று எழுதும் பழக்கம் நமக்குத்தான் இருக்கிறது.

2016-ல் தேசியப் போட்டியின் பரிசுத்தொகை சமமானது. தீபிகா திரும்பி வந்து பட்டத்தையும் வென்றார். அந்தச் சமம் ஜோஷ்னாவுக்கும் கிடைத்தது, நேரு பூங்காவின் ஸ்குவாஷ் அகாடமியில் இப்போது மட்டை பிடிக்கும் சிறுமிக்கும் கிடைக்கும். நன்றிக்கடனை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பின்னால் வருகிறவளுக்கும் கொடுக்கலாம்.

ஆனால் இதற்காக ஒரு விளையாட்டுக்காரி தன் இருபதுகளின் நல்ல ஆண்டுகளைத் தேசியப் பட்டம் இல்லாமல் கழிக்க வேண்டியிருந்தது. அந்த விலையை அவளே கொடுக்கட்டும் என்று நாம் கைதட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பத்து வயது மகளைப் போட்டிக்குப் பதிவு செய்யும் மேசையிலேயே கேட்கலாம்: பையன்களுக்கு எவ்வளவு, பெண்களுக்கு எவ்வளவு? "நன்றி கெட்டவர்கள்" என்ற பெயர் பெரியவர்கள் நமக்கு வரட்டும். அவள் ஆடட்டும்.