சீட்டாட்டமும் சிந்தனைத் தெளிவும்

போக்கர் என்னும் சீட்டாட்டம் அறிவைக் கூர்மையாக்கும் என்பார் இந்நாளில் பலர். சூது தீது என்று ஒரே சொல்லில் அவர்களை ஒதுக்கிவிடலாம். எனினும், எதனையும் ஆராய்ந்தே ஏற்கவோ தள்ளவோ வேண்டும் என்னும் நெறியில் நிற்கும் நாம், அவர்தம் கூற்றிலுள்ள உண்மையை முதற்கண் காண்போம்.

52 சீட்டுகளுள் கையில் இரண்டும் மேசைமேல் நான்குமாக ஆறு தெரிகின்றன, 46 மறைந்துள்ளன. வரவேண்டியது ஒரே சீட்டு. ஒன்பதில் ஒன்று வந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி. மேசைமேல் 100 ரூபாய் உள்ளது. தொடர்ந்தாட 20 ரூபாய் வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் நான்கு முறை தோல்வியே எனினும், தொடர்வதே சரி. எங்ஙனமெனில், 46 முறையுள் 9 முறை வென்று 900 ரூபாய் பெறுவோம். 37 முறை தோற்று 740 ரூபாய் இழப்போம். ஆகவே, தோற்றவன் தவறாக எண்ணினான் என்பது பொருந்தாது. வென்ற மூடனைப் போற்றி, தோற்ற அறிவாளனை இகழும் உலகிற்கு இது நல்ல பாடமே.

ஆயின், இப்பாடத்தின் விலை யாது? நமக்கு வந்த பணம் அனைத்தும் பிறர் இழந்த பணம். பணமின்றி ஆடினாலோ, இழப்பின் அச்சம் நீங்கி, எவரும் எண்ணாது துணிவர், பாடமும் மெலிந்துவிடும். மேலும், தேர்ந்த ஆட்டக்காரன் தன்னினும் தேர்ந்தவனை நாடான், தேராதவனையே நாடுவான். ஒருவன் தெளிவு மற்றவன் மயக்கத்தால் பிழைக்கின்றது.

நம் நீதிமன்றங்கள் இதனைத் திறமையாட்டமா, நற்பேற்றாட்டமா என்றே ஆராய்ந்து வந்தன. 2025ஆம் ஆண்டு பாராளுமன்றம், பணம் வைத்தாடும் இணையவழி ஆட்டங்களை அவ்வேறுபாடு கருதாமலே தடை செய்தது. அறநோக்கிலும் அவ்வேறுபாடு போதாது. சிகாலோவாத சுத்தம் சூதின் கேடுகள் ஆறினை எண்ணுமிடத்து, முதலில் வைப்பது வென்றவன் ஈட்டும் பகையையே. திறமை அப்பகையைக் குறைப்பதில்லை, மிகுவிக்கின்றது.

விளைவைக் கொண்டன்றி, எண்ணத்தைக் கொண்டே செயலை அளத்தல் பௌத்தர்க்குப் புதிதன்று. ஆனால் நம் அறம் எண்ணம் என்பது கணக்கை மட்டுமன்று. பிறர்க்கு நாம் விழைவது யாது என்பதும் அதனுள் அடங்கும். போக்கர் முன்னதைக் கற்பிக்கின்றது, பின்னதைக் கேட்பதேயில்லை.

வானிலை அறிஞர் மழைவாய்ப்பை எண்ணால் முன்னுரைத்து, பின்னர் நிகழ்ந்ததோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கின்றனர். அதனால் எவரும் பொருள் இழப்பதில்லை. நாமும் ஒரு முடிவெடுக்குமுன் அதன் காரணங்களை எழுதிவைத்து, பின்னர் நேர்மையுடன் நோக்குவோமாக. பாடத்தைக் கொள்வோம், பந்தயத்தை விடுவோம்.