சைவப் பூனை

பூனை வளர்க்கும் சைவக் குடும்பங்களைப் பற்றி யாரும் அதிகமாக யோசித்ததாகத் தெரியவில்லை. தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும், மாடிப்படிக்குக் கீழே ஒரு கிண்ணத்தை வைத்து, காலையில் பாலும் மத்தியானம் தயிர்சாதமும் போடுகிற வீடுகள் ஏராளம். "எங்கள் வீட்டுப் பூனை முட்டையைக்கூட முகர்ந்து பார்க்காது" என்று பெருமையோடு சொல்கிறவர்களையும் நான் அறிவேன். அந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த வீட்டுக் கொல்லையிலுள்ள அணில்களின் ஞாபகம்தான் வரும்.

எங்கள் வீட்டுச் சுந்தரி வந்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூர்ப் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்திருந்த சமயம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி, யாரும் அழைக்காமலே படியேறி வந்து, வாசல் மிதியடியின்மேல் உட்கார்ந்துகொண்டது. ஆதியிலும் பூனை இப்படித்தான் வந்ததாம். ஆட்டையும் மாட்டையும் மனிதன் பிடித்து வந்து பழக்கினான். தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வந்தது. எலி சேர்ந்த இடத்துக்குப் பூனை தானாக வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 வருஷங்களுக்கு முந்திய சவக்குழி ஒன்றில் மனிதனுக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையையும் அடக்கம் செய்திருந்ததாக 2004-ல் ஆராய்ச்சியாளர்கள் தெரிவித்தார்கள். நம்முடைய சிநேகம் அவ்வளவு பழசு. ஆனால் இன்று எங்கள் வீட்டில் அரிசி பிளாஸ்டிக் டிரம்மில் மூடிக் கிடக்கிறது. எலிக்கு வேலையில்லை. பழைய ஒப்பந்தத்தில் தன் பங்கை நிறைவேற்றச் சுந்தரி மட்டும் எப்போதும் தயாராக இருக்கிறது.

அது செய்யும் அமர்க்களத்தைச் சொல்லி முடியாது. காலையில் பத்திரிகையை விரித்தால், நான் எந்தச் செய்தியைப் படிக்கிறேனோ அதன்மேல்தான் படுக்கை. கொடியில் உலரும் புடவைத் தலைப்பு அதற்கு ஊஞ்சல். வெண்டைக்காய்க் காம்பு ஒன்று கிடைத்துவிட்டால் அரை மணி நேரம் கூடத்தில் பந்தாட்டம். நான் சாயங்காலம் மின்சார ரயிலை விட்டு இறங்கி வந்து, நாற்காலியில் சாய்ந்து வேஷ்டி நுனியைக் கொஞ்சம் ஆட்டினால் போதும். எங்கோ அலமாரிக்கு அடியில் இரண்டு கண்கள் பெரிதாகும். உடம்பு தரையோடு ஒட்டும். பின்பக்கம் மட்டும் இலேசாக இப்படியும் அப்படியும் அசையும். பிறகு ஒரு பாய்ச்சல்! வீடே சிரிக்கும். அந்தப் பின்பக்க அசைவைப் பார்ப்பதற்காகவே அடுத்த வீட்டுக் குழந்தைகள் வருவதுண்டு.

ஒரு மார்கழிக் காலையில், கோலம் போட வெளியே போன என் மனைவி, "என்னங்க, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிட்டாள். மிதியடியின்மேல் ஓர் அணில் கிடந்தது. கழுத்தில் மட்டும் பல் பட்டிருந்தது, தின்னவில்லை. பக்கத்தில் சுந்தரி உட்கார்ந்து, பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி எங்கள் முகத்தைப் பார்த்தது. அன்று முழுவதும் என் மனைவி அதைத் தொடவில்லை. எதிர்வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் சமாதானம் வைத்திருப்பவர். "அதோட சுபாவம் சார். அதைப் போய்க் கோவிச்சுக்கலாமா?" என்றார்.

வாஸ்தவம்தான். ஆனால் அந்தச் சமாதானம் யாருக்கு? பூனைக்கு அது முழு விடுதலை கொடுக்கிறது; ஆட்சேபமில்லை. வேஷ்டி நுனியில் பாய்ந்த அதே பாய்ச்சல்தான் அணில்மேலும் பாய்ந்தது. ஒன்றுக்குச் சிரித்துவிட்டு மற்றொன்றுக்கு அடிக்கக் கை ஓங்குவது நியாயமாகாது. பூனை வளர்க்கிறவனுக்கு அந்த விடுதலை கிடையாது என்பது என் கட்சி. காட்டில் அலைகிற பூனைக்கு இரை குறைந்தால் பட்டினி. பட்டினி கிடந்தால் அது வேறிடம் போகும், அல்லது சாகும். மிஞ்சிய அணில்கள் பிழைத்துக்கொள்ளும். நம் பூனைக்கோ, அணில் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் கிண்ணத்தில் தயிர்சாதம் உண்டு. வயிறு நிரம்பியிருந்தாலும் வேட்டை ஆசை அடங்குவதில்லை. நாம் ஊற்றுகிற பாலின் பலத்தில்தான் அது நாள் தவறாமல் பாதாம் மரத்தடியில் காத்திருக்கிறது.

அந்தப் பாலிலும் சாதத்திலும் அதற்கு வேண்டியது இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. மாமிசத்திலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு தேவையான அளவு தானே செய்துகொள்ளாது. அது குறைந்தால் கண் கெடும். இருதயமும் கெடும் என்று 1987-ல் கலிபோர்னியாவில் நிரூபித்தார்கள். இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 355 பூனைகளை வைத்து ஆராய்ந்து 2021-ல் சொன்னது இன்னும் சுவாரசியமானது. மாமிசச் சத்து மிகுந்த உணவு கொடுத்த வீடுகளில், பூனைகள் கொன்று கொண்டுவந்த பிராணிகள் நூற்றுக்கு 36 குறைந்தன. தினம் ஐந்து பத்து நிமிஷம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 குறைந்தன. கழுத்தில் மணி கட்டியவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் வீணாகத்தான் கவலைப்பட்டிருக்கின்றன!

ஆக, கணக்கு இப்படி வருகிறது. நம் சமையலறையின் சைவம் கெடாமல் இருக்கிறது. அதற்கு விலை கொடுப்பது கொல்லையிலுள்ள அணில். மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், யானைகளுக்குப் பக்கத்தில், கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் எலிகள். கபட சந்நியாசி என்று அதைக் காட்டிச் சிரிப்போம். சுந்தரி ஒருநாளும் ருத்திராட்சம் போட்டதில்லை. போட்டுவிட்டது நாம்தான். தொல்காப்பியர் மரபியலில் கீரி, வெருகு, எலி, மூன்று வரி அணில் ஆகிய நான்கின் பிள்ளைகளுக்கும் குட்டி என்ற பெயரே உரியது என்று ஒரே சூத்திரத்தில் சொல்லிவிட்டுப் போகிறார். கொல்வதும் குட்டி, சாவதும் குட்டி. இலக்கணக்காரருக்குப் பட்சபாதம் இல்லை.

நான் மீன் வாங்கலாம் என்றேன்.

"மீனுக்கு உயிரில்லையா?" என்று கேட்டாள் என் மனைவி.

கேள்வி சாமானியமானதல்ல. மீன் எப்படியும் சந்தைக்கு வந்துவிட்டது, நாம் வாங்காவிட்டால் வேறு யாரோ வாங்குவார்கள் என்பது சோம்பேறியின் வாதம். அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. நான் சொன்னது வேறு: "மீனைத் தின்றுவிடும். அணிலைத் தின்னவில்லையே. பசிக்குப் போகிற உயிரும் விளையாட்டுக்குப் போகிற உயிரும் ஒன்றா?" அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேசாமலிருந்துவிட்டு, "என் அடுப்பிலே கூடாது. கொல்லையிலே தனி அடுப்பு. தனிச் சட்டி. கழுவறது நீங்க" என்றாள். பூனையை வளர்க்காமலே விட்டுவிடலாமே என்று எதிர்வீட்டுக்காரர் யோசனை சொன்னார். எங்கே விடுவது? வேறு தெருவில் விட்டால் வேறு தெரு அணில்கள்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் மீன்காரம்மா வாசலில் கூடையை இறக்குகிறாள். "சைவக்காரங்க வீட்டிலே நெத்திலியா ஐயா?" என்று முதல் நாள் கேட்டவள், பூனைக்கு என்றதும் ஒரு பிடி கூடவே போட்டாள். விடியற்காலையிலும் அந்தி வேளையிலும், அணில்கள் கீழே இறங்கி மேயும் நேரத்தில், கதவு சாத்தியிருக்கும். அந்த நேரத்தில் ஒரு தேங்காய்நார்க் கயிற்றின் நுனியில் பழைய பூப்பந்தின் சிறகைக் கட்டி, கூடத்தில் இழுத்துக்கொண்டு ஓடுவது என் வேலை. பேரன் வயதுக் குழந்தைகள் ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரிக்கின்றன. சுந்தரி ஏழெட்டு நிமிஷம் மெய்ம்மறந்து ஆடும். பிறகு சிறகை விட்டுவிட்டு ஜன்னல் திட்டில் ஏறி உட்காரும். பாதாம் மரத்திலிருந்து அணில் வாலை அடித்துக் கத்தும். சுந்தரியின் தாடை மட்டும் சத்தமில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும். நான் மறுபடியும் கயிற்றை ஆட்டிப் பார்க்கிறேன், அது திரும்புவதில்லை.