வேகத்தின் விலை

போன மாசம் எனக்கு ஒரு இ-சலான் வந்தது. காரில் வேக வரம்பைத் தாண்டியதற்கு 1,000 ரூபாய். ஆபீஸ் கேன்டீனில் டீ ஆறுவதற்குள் போனிலேயே கட்டி முடித்தேன். அதே வாரம், சாப்பாடு கொண்டுவந்த பையன் தயங்கித் தயங்கி தன் போனை நீட்டினான். "அண்ணா, இது நெஜமாவே போலீஸ் அனுப்புனதா, இல்ல ஏமாத்து மெசேஜா?" நிஜம்தான். அவனுக்கும் ஓவர் ஸ்பீடு, அதே 1,000. பெட்ரோல் போக ஒன்றரை நாள் வருமானம் என்றான்.

2019 திருத்தத்துக்குப் பின்னும் நம் மோட்டார் வாகனச் சட்டம் வேகத்துக்குப் போடும் ஃபைன், வண்டியின் ரகத்தைத்தான் பார்க்கிறது. ஓட்டுகிறவரின் வருமானத்தை அல்ல. எல்லோருக்கும் ஒரே தொகை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவன் தண்டிக்கப்பட்டான், நான் வேகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன்.

பின்லாந்து இதை 1921லேயே யோசித்துவிட்டது. அங்கே 'நாள் அபராதம்' என்று ஒரு முறை. குற்றத்தின் கடுமைக்கு ஏற்ப இத்தனை நாள் என்று முடிவாகும். ஒரு நாளின் மதிப்பு ஆளைப் பொறுத்தது: மாத நிகர வருமானத்தில் 255 யூரோ கழித்து, மீதியை 60ஆல் வகுக்க வேண்டும். (கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த ஃபார்முலாவைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம்.) சின்ன மீறல்களுக்கு அங்கும் நிலையான தொகைதான், 20 கி.மீ.க்கு மேல் தாண்டினால் நாள் கணக்கு. 2023இல் ஆலண்ட் தீவுகளின் கோடீஸ்வரர் ஆண்டர்ஸ் விக்லொஃப், 50இல் போக வேண்டிய இடத்தில் 82இல் போனார். ஃபைன் 1,21,000 யூரோ.

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் அதே மனிதர் 2013லும் 2018லும் இப்படிப் பெருந்தொகை கட்டியவர். அப்படியென்றால் பணத்தை எதனால் பெருக்கினாலும் அது விலையாகவே மிஞ்சுகிறதா? அவருடைய லைசென்ஸையும் 10 நாள் முடக்கினார்கள். நாட்களாவது எல்லோருக்கும் சமம் என்று முதலில் தோன்றியது. அதுவும் இல்லை. எனக்குப் பத்து நாள் லைசென்ஸ் போனால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பேன். அந்தப் பையன் வீட்டில் அடுப்பு எரியாது.

அதற்காக வரம்பே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 50ஐவிட 82இல் கிட்டத்தட்ட 2.7 மடங்கு. ரோடு கிராஸ் பண்ணுகிற பாட்டிக்கு, மோதியவன் சம்பளம் எவ்வளவு என்பதா முக்கியம்?

என்னைக் குடைவது வேறு. அன்றைக்கு நான் எதற்கு அவ்வளவு வேகமாகப் போனேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அவனுக்கு நிமிஷக் கணக்கில் ஞாபகமிருந்தது. அந்த ஆர்டரைப் போட்டுவிட்டு என்னைப் போல ஒருவன், ஆப்பில் பைக் பொம்மை நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பான்.

"நான் கட்டிடறேன் தம்பி" என்றேன்.

"வேணாம்ணா. இனிமே மெதுவா வர்றேன். ரேட்டிங்க மட்டும் கொறைச்சிடாதீங்க."