பௌத்தர் புலால் உண்ணலாமா?



சென்ற வைகாசிப் பௌர்ணமியன்று சித்தூரில் நடைபெற்ற கூட்டத்தில், திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடிந்தபின் ஓர் இளைஞர் எழுந்து நின்றார். "ஐயா, உயிர்க்கொலையினின்று விலகுவேன் என்று இப்பொழுதுதான் எல்லோரும் உறுதி கூறினோம். வீட்டிலோ கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் காத்திருக்கின்றன. நாம் கூறியது பொய்யா? அன்றி, உண்ணப்போவது பாவமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். கூட்டத்தில் பலர் நகைத்தனர். யான் நகைக்கவில்லை. ஏனெனில், இவ்வினாவுக்கு யான் முன்னொரு காலத்தில் கூறிய தவறான விடையால் என் குடும்பத்தில் ஓர் உயிர் வருந்தியது. அதனை மறைக்காமல் எடுத்துரைப்பதற்கே இக்கட்டுரையை எழுதலானேன்.

பகவான் அருளியது யாது?

முதற்கண் நூல்களைப் பார்ப்போம். மஜ்ஜிம நிகாயத்தில் ஜீவக சூத்திரம் என்று ஒன்று உண்டு. தமக்கென்று கொல்லப்பட்ட விலங்கின் ஊனைத் ததாகதர் தெரிந்தே உண்கிறார் என்று ஊரார் பேசுவது மெய்யோ என மருத்துவனாகிய ஜீவகன் வினவுகிறான். தனக்கெனக் கொல்லப்பட்டதைக் கண்டாலும், கேட்டாலும், ஐயுற்றாலும் அவ்வூனைப் பிக்கு ஏற்கலாகாது. இம்மூன்றும் இல்லையாயின் ஏற்கலாம் என்பது பகவானின் விடை. தேவதத்தன் சங்கத்தைப் பிளக்கக் கருதிக் கேட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, பிக்குகள் ஆயுள் முழுதும் மீனும் ஊனும் உண்ணலாகாது என்பது. அதனைக் கட்டாய விதியாக்கப் பகவான் மறுத்தார். சுத்த நிபாதத்தின் ஆமகந்த சூத்திரமோ, முடைநாற்றம் ஊன் உண்பதில் இல்லை. கொலையிலும் களவிலும் பொய்யிலும் வஞ்சனையிலுமே உள்ளது என்று அறிவிக்கிறது.

இவற்றை மட்டும் படித்துவிட்டு, "தடை ஏதும் இல்லை, உண்போம்" என்று எழுந்துவிடுவோர் நம்முள் பலர். சற்றுப் பொறுங்கள். மகாயானத்தாரின் இலங்காவதார சூத்திரம் ஊனுணவை முற்றிலும் விலக்குகிறது. அங்குத்தர நிகாயமும் உபாசகன் செய்யத்தகாத வாணிகங்கள் ஐந்தினுள் ஊன் விற்பதையும் வைத்துள்ளது. அன்றியும், அம்மூன்று நிபந்தனைகள் யாருக்குச் சொல்லப்பட்டன? ஓடேந்திச் சென்று, இட்டதை உண்ணும் பிக்குவுக்கு. நாமோ பணம் கொடுத்து வாங்குகிறோம். ஞாயிற்றுக்கிழமை நாம் வருவோம் என்பதை அறிந்துதானே கடைக்காரர் ஆட்டை அறுக்கிறார்? அவர் நம் பெயரைச் சொல்லிக் கொல்லவில்லை; ஆனால் நம் பணத்தை எண்ணிக் கொல்கிறார். கொலையின் பழியை அவர் தலையில் ஏற்றிவிட்டுக் குழம்பை மட்டும் நாம் உண்டு நல்லவராகிவிட்டால், அது எந்தத் தர்மம்? அழுக்கான வேலையை ஒருவன்மேல் சுமத்தி, அவ்வேலையைக் காட்டியே அவனை விலக்கி வைத்த ஜாதித் தர்மம் அன்றோ? அந்த நியாயத்தால் நொந்தவர் நாம். அதே நியாயத்தைப் பிறர்மேல் நாம் ஏவலாகாது.

நம் தமிழ்க் காப்பியமாகிய மணிமேகலை இதற்கொரு வழி காட்டுகிறது. கலம் உடைந்து நாகர் வாழும் மலையில் ஒதுங்கிய வணிகன் சாதுவன், மனிதரையும் தின்னும் அந்நாகரின் தலைவனுக்கு அறம் உரைக்கிறான். தங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தும் அறம் யாது என்று தலைவன் கேட்க, கலம் உடைந்து வந்தடையும் மக்களைக் காப்பாயாக, மூப்பினால் தானே மடியும் விலங்குகளைத் தவிர வேறெவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாதே என்கிறான் சாதுவன். ஒரே நாளில் முனிவனாகிவிடு என்று அவன் ஆணையிடவில்லை. கேட்பவன் நின்ற படியை அறிந்து, அதற்கு அடுத்த படியைக் காட்டினான்.

தூய்மை என்னும் மயக்கம்

திருப்பதியில் வாடகைக்கு வீடு தேடிய நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு வினாவை அறிவர். "நீங்கள் புலால் உண்பதுண்டா?" என்பதே அது. கோழியின்மேல் கொண்ட இரக்கத்தால் அவ்வினா எழுவதில்லை. குலத்தை நேரே கேட்க இயலாதவர் வயிற்றைக் கேட்கின்றனர். ஆலை வேலையை விட்டுத் தம்மப் பணிக்கு வந்த புதிதில், மூன்று வீடுகளின் வாயிலிலிருந்து யான் திரும்பினேன். நான்காம் வீட்டில், "புலால் தொடுவதில்லை" என்று மார்தட்டிக் கூறினேன். வீடு கிடைத்தது. அன்றே புலாலை விட்டேன். கருணையால் விட்டதாக மேடைதோறும் பேசினேன். மெய்யாகவே என்னை விடச் செய்தது வெட்கம்.

அந்நகரையே எண்ணிப் பாருங்கள். அலிபிரிச் சோதனைச் சாவடியைத் தாண்டி மலைமேல் ஊனும் மதுவும் செல்லலாகாது. மலையடியிலோ, வேங்கடவனின் தங்கை என்று மக்கள் போற்றும் கங்கம்மாவுக்கு மே மாதத்தில் நடக்கும் ஜாத்திரையில் ஆடும் கோழியும் பலியாகின்றன. சித்தூர் சென்னை இராச்சியத்தில் இருந்த காலத்திலேயே, 1950-இல், விலங்கு பறவைப் பலியைத் தடுக்கும் சட்டம் பிறந்தது, பலி நிற்கவில்லை. பகவான் கூடதந்த சூத்திரத்தில் பலியில்லாத வேள்வியைப் புகழ்ந்தார். உழவனுக்கு விதையும் வணிகனுக்கு முதலும் ஊழியனுக்குக் கூலியும் கொடுத்து நாட்டின் வறுமையைப் போக்குவதே அரசன் முதலில் செய்யத்தக்கது என்று அச்சூத்திரத்தில் காட்டினார்.

நான் ஆலையில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பிரிவில் சில ஆண்டுகள் பணிபுரிந்தவன். நூல் அறாமல் மென்மையாக ஓடும்பொருட்டு, மாவுக் கஞ்சியுடன் விலங்கின் கொழுப்பைச் சேர்ப்பது ஆலைத் தொழிலின் பழைய வழக்கம். அவ்வாறு நெய்த வெள்ளை வேட்டியை உடுத்திக்கொண்டே பலர் தூய்மை பேசினர். மிருதங்கத்தின் நாதம் ஆட்டுத் தோலிலும் மாட்டுத் தோலிலும் பிறக்கிறது. சித்தூர்ச் சீமையில் பால் பெருகுகிறது. பால் வற்றிய பசுவும் ஏருக்கு வேண்டாத காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று பால் அருந்துவோர் கேட்பதில்லை. ஆதலின், முற்றத் தூயவர் எவரும் இலர். தூய்மை என்பது உண்டு அல்லது இல்லை என்று இரண்டாகப் பிரிப்பது. அதனால் அது மனிதரையும் இரண்டாகப் பிரிக்கிறது. கருணைக்கோ அளவு உண்டு. இன்று ஒரு பிடி, நாளை ஒரு படி என்று அது வளரக்கூடும்.

இம்மயக்கம் மனிதர்மேல் பாயும்போது அதன் மெய்யுருவம் தெரியும். 2016 ஜூலையில் குஜராத்தின் உனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த நம் சகோதரர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அடுத்த மாதமே ஆந்திரத்தின் அமலாபுரத்திலும் அதே கொடுமை நிகழ்ந்தது. பசுவின் பெயரால் ஓங்கிய கையில் ஜீவகாருண்யம் இருந்ததா? உனாவில் அடிபட்டவர்கள் 2018 ஏப்ரலில் பகவானைச் சரணடைந்தனர்.

அண்ணல் அம்பேத்கர் இதனை நன்குணர்ந்தவர். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் ஊனை விட்டுவிடுங்கள் என்று நம்மவரைக் கேட்டுக்கொண்டார். மேல்ஜாதியார் மெச்சவேண்டும் என்பதற்காக அன்று, சுயமரியாதைக்காக. மாட்டூனும் தீண்டாமையும் பிணைக்கப்பட்ட வரலாற்றை 1948-இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். 1956 அக்டோபரில் நாகபுரியில் அவர் அளித்த 22 உறுதிமொழிகளுள் எவ்வுயிரிடத்தும் அன்பு பூணும் உறுதி உண்டு. மதுவை விலக்கும் உறுதி உண்டு. புலாலை விலக்கும் உறுதி இல்லை.

என் பிழை

இனி என் பிழையைக் கூறுகிறேன். சித்தூருக்கு அருகே சிற்றூரில் வாழும் என் தாயாரிடம், மீனும் கருவாடும் முட்டையும் விடவேண்டும் என்று வற்புறுத்தினேன். "ஊருக்கெல்லாம் தம்மம் சொல்கிறான் என் மகன், அவன் தாய் கருவாடு சுடலாமா?" என்று அவர் உடனே விட்டுவிட்டார். வீட்டில் கறந்த பால் காசுக்குப் போயிற்று. களியும் புளிச்சாறும் கீரையுமே அவருக்கு மிஞ்சின. சில ஆண்டுகள் சென்றன. கால் மரத்துப்போகிறது என்றார், நாக்குப் புண்ணாயிற்று, அடுப்பில் வைத்ததை மறந்தார். முதுமை என்று நினைத்து யான் அநித்தியத்தைப் பற்றி அவருக்கு உபதேசம் செய்தேன்!

இறுதியில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், வைட்டமின் பி12 மிகக் குறைந்திருப்பதாகக் கூறி ஊசி போட்டார். "பால், முட்டை எதுவும் உண்பதில்லையா அம்மா? யார் விடச் சொன்னார்கள்?" என்று கேட்டார். என் தாயார் என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "நானாகத்தான் விட்டேன் ஐயா" என்றார். ஊரறிந்த உபதேசியாகிய யான் வாய் திறவாது நின்றேன்.

பகவானுக்குக் கடைசி உணவு படைத்தவன் சுந்தன் என்னும் கொல்லன். அவ்வுணவு பன்றியூனா காளானா என்று பண்டிதர்கள் இன்றும் வாதிடுகின்றனர். பகவானின் கவலை வேறாக இருந்தது. தாம் படைத்த உணவால் ததாகதர் மறைந்தார் என்று சுந்தன் மனம் நோகலாகாது. அவன் துயரைப் போக்குக என்று ஆனந்தரிடம் பணித்தார். என் தாயார் எனக்குச் செய்ததும் அதுவே. எழுத்தறியாத அவர் தம்மத்தை அறிந்திருந்தார். யான் நூலை மட்டும் அறிந்திருந்தேன். மருந்தால் அவர் தேறினார். பாத மரப்பு முற்றும் நீங்கவில்லை.

உடலுக்கு உரியது

ஆதலின், உடல்நலம் பற்றியும் தெளிவாகக் கூறக் கடமைப்பட்டுள்ளேன். நம் சீமையின் கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு. வேர்க்கடலையில் நூற்றுக்கு 25 பங்களவு புரதம். பருப்பும் கீரையும் இரும்புச்சத்து தரும். உடன் எலுமிச்சையோ நெல்லியோ சேர்த்தால் அது உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் தேநீர் குடித்தால் குறையும். எனவே மரக்கறி உணவால் வலிவோடு வாழ இயலும். ஆனால் பி12 சத்துக்குத் தாவர உணவை நம்பலாகாது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைவு சில ஆண்டுகள் மறைந்திருக்கும். முதுமையில் அச்சத்தை உடல் ஏற்கும் ஆற்றலும் தளரும். புலாலை விட்டவர் பாலோ முட்டையோ கொள்க. அவையும் வேண்டாதார் மருத்துவரைக் கேட்டு மாத்திரை கொள்க.

புலால் உண்போரும் செருக்குற வேண்டா. உப்பிட்டும் புகையிட்டும் பதப்படுத்திய இறைச்சி குடற்புற்று விளைக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் உறுதி கூறியது. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற செவ்விறைச்சியையும் ஐயப்பட்டியலில் வைத்தது.

எனினும், நம் நாட்டின் பெருநோய் மிகுதி அன்று, குறைவே. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேர் இரத்தசோகை உடையவர். ஐந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களில் நூற்றுக்கு 67 பேர். இந்நிலையில் கர்நாடகத்தில் 2021-இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை வழங்கத் தொடங்கியபோது, மடாதிபதிகள் சிலர் எதிர்த்தனர். தம் வயிறு நிறைந்தவர் பிறர் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுப்பது அகிம்சை ஆகுமா? என் தாயின் தட்டிலிருந்து யான் எடுத்ததும் அவ்வாறானதே.

இளைஞருக்கு விடை

சித்தூர்ச் சகோதரரே! வீட்டு முற்றத்தில் மேய்ந்த கோழியை உமக்கென்றே அறுத்தால், அது முதற் சீலத்தை நேராகத் தொடுகிறது. அதனை மறைக்க எந்தச் சூத்திரத்தையும் தேடாதீர். ஆயினும் நீர் சீலம் ஓதியது பொய்யன்று. சீலம் என்பது பயிற்சி. தறி பழகுபவன் முதல் நாளில் எத்தனை இழை அறுப்பான்! அதற்காகத் தறியை விட்டு ஓடுவதும் தவறு; இழை அறவேயில்லை என்று சாதிப்பதும் தவறு. அறுந்த இடத்தைக் கண்டு, முடிந்து, மீண்டும் ஓட்டுவதே நெசவு.

ஆகையால், முதலில் பலியையும், கையால் கொல்வதையும், ஏவிக் கொல்விப்பதையும் விடுவோம். பௌர்ணமி, அமாவாசை உபோசத நாள்களில் புலாலை நீக்குவோம். விருந்தில் பெருமைக்காக ஊனைக் குவித்து வீசுவதை நிறுத்துவோம். ஒரு தாள் அளவு இடமும் இன்றிக் கம்பிக்கூட்டில் அடைபட்ட கோழியின் துயரையும் எண்ணிப் பார்ப்போம். கருவுற்றவர், குழந்தை, நோயாளி, முதியவர் ஆகியோரின் தட்டில் கை வையோம். உண்பவரையும் விற்பவரையும் இழிவு செய்யோம்.

யான் இன்றும் புலால் உண்பதில்லை. காரணம் மட்டும் மாறிவிட்டது. தங்கை வீட்டிற்குச் சென்றால் அவள் இடும் களியைக் கீரையுடன் உண்கிறேன். அருகில் அவள் பிள்ளைகள் மீன் உண்ண, மகிழ்ந்து பார்க்கிறேன். வீடு தேடும்போது யாரேனும் அப்பழைய வினாவைக் கேட்டால் விடை கூறுவதில்லை. அந்த வாயிலில் எனக்குப் பின் வந்து நிற்கப்போகும் நம் பிள்ளைகளை நினைத்துத் திரும்பிவிடுகிறேன். தாயார் ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டை உண்கிறார். ஊருக்குப் போகும்போது அதனை வேகவைத்து, ஓடு நீக்கி, அவர் கையில் கொடுப்பவன் யான்தான்.